நாற்பதாவது ரசிகை

"முதல்ல அந்த ஆளை நிறுத்தச் சொல்லுங்க! எவ்வளவு கேக்கறீங்களோ தந்துடறேன்!" என்று தொலைபேசியில் ஒரு பெண்மணி அலறினார்.

டோலரஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெயரையும் முகவரியையும் குறித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க. எங்க நிலையத்துப் பேர் போட்ட காப்பிக் கோப்பை ரெண்டு வாரத்துல வந்துடும்" என்று சொல்லிவிட்டு, பலகையில் பதினெட்டை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆர்விட் நைபெர்க் கண்களை மூடிக்கொண்டு, மார்பில் மாட்டிய அக்கார்டியன் வாத்தியத்தை இழுத்துக்கொண்டிருந்தார். வாசித்துக்கொண்டிருந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் டுலூத் ஊர்ப் பொது வானொலியில் இருபத்திரண்டு வருஷமாகக் காலை இசை நிகழ்ச்சி அவருடையது. பாட்டைப் பொறுக்குவதும் அவர்தான், பேசுவதும் அவர்தான். டோலரஸ் அவருடைய உதவியாளர். நேயர்களின் சந்தாவில் ஓடுகிற நிலையம் அது. இன்று மதியத்துக்குள் நாற்பது புது உறுப்பினர்கள் சேராவிட்டால் அந்த நேரத்தில் வேறு ஊரில் பதிவு செய்த அரட்டையைப் போடப்போவதாக இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்பதரை மணி வரை ஆர்விட் நேயர்களிடம் கெஞ்சிப் பார்த்தார். ஆறு பேர்தான் கூப்பிட்டார்கள். வழக்கமாக அந்நேரம் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர், இன்று காரில் ரகசியமாகக் கொண்டுவந்திருந்த அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

"நேயர்களே, நாப்பது பேர் சேர்ற வரைக்கும் நானே வாசிக்கப்போறேன்!"

ஏதோ பரிசு தருவது போலத்தான் அதைச் சொன்னார். ஊருக்கு அது மிரட்டலாகக் கேட்டது.

எங்கள் ஊரில் சமையலறை ரேடியோவைக் காலையில் போட்டால் இரவில்தான் அணைப்போம். நடுவில் அணைப்பது, தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது எழுந்து போவதற்குச் சமம். ஆகவே எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்கள்.

பதினொன்றரைக்குப் பலகையில் முப்பத்தொன்பது. செய்தி ஆரம்பித்ததும் ஆர்விட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாத்தியா டோலரஸ்? தினமும் வீட்டுக்குப் போனதும் ரெண்டு மணி நேரம் சாதகம் பண்றேனே, வீண் போகல!"

அப்போது அடித்த தொலைபேசியை டோலரஸ் எட்டுவதற்குள் அவரே எடுத்துவிட்டார். மறுமுனையில் ஒரு கிழவர். "நான்தான் காலையிலேயே சந்தா கட்டிட்டேனே, அப்புறமும் ஏன்யா நிறுத்தல? உங்களுக்கெல்லாம் நாணயமே கிடையாதா?"

ஆர்விட் முகம் தொங்கிப்போயிற்று. "எல்லாரும் இதுக்குத்தான் கூப்பிட்டாங்களா?"

"எல்லாரும்னு சொல்ல முடியாது" என்றாள் டோலரஸ், டோனட்டை வாயில் திணித்துக்கொண்டு. "ஒருத்தர் முகவரி மாத்தணும்னு கூப்பிட்டார்."

"போதும். நிகழ்ச்சி போனாப் போகட்டும். ஒரே ஒரு ஆளுக்காவது பிடிச்சிருந்தா..." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், கண் கலங்கியிருந்தது.

தொலைபேசி மறுபடி அடித்தது. இந்த முறை டோலரஸ் முந்திக்கொண்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் துள்ளி எழுந்தாள்.

"ஆர்விட்! நாப்பது! நிறுத்தவே கூடாதாம்! நாளைக்கும் வாசிக்கணுமாம்! தினமும் வாசிக்கணுமாம்!"

ஆர்விட் அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். நடுவில் மாட்டிக்கொண்ட அக்கார்டியனும் வீலென்று கத்தியது. குதித்துக்கொண்டே உள்ளே ஓடி, செய்தி முடிந்த கையோடு அழைப்பை நேரடியாக ஒலிபரப்பில் போட்டார்.

"நேயர்களே, இதோ என் ரசிகை! சொல்லுங்கம்மா, எந்தப் பாட்டு பிடிச்சுது?"

"எந்தப் பாட்டுன்னாலும் சரி சார். நீங்க அங்க உக்காந்து வாசிச்சாப் போதும்."

"தினமுமா?"

"தினமும். பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும். எங்க குழந்தை தூங்கற நேரம்."

"கேட்டீங்களா ஜனங்களே? என் வாசிப்புல குழந்தை தூங்குதாம்!" கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டோலரஸ் கைதட்டினாள்; ஆர்விட் ஒலிவாங்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "அம்மா, இதைக் கேக்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். நீங்க யாரு? உங்க பேரை ஊரே கேக்கட்டும்!"

"உங்க மாடி வீட்டு ஃபிரீடாதான் சார். ரேடியோன்னா அணைச்சுடலாம் பாருங்க!"