இடது விளக்கில் தண்ணீர்

"சரசா, நான் ஊர்ல இல்லாத பத்து நாள்ல இந்தக் காருக்கு என்ன ஆச்சு? மறைக்காமச் சொல்லு."

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, கையில் கார் சாவியோடு வாசலுக்கு வந்த சரசா அப்படியே நின்றாள். காருக்கு முன்னால் சந்திரமௌலி குந்தி உட்கார்ந்திருந்தார். கும்பகோணத்திலிருந்து விடியற்காலைதான் வந்து இறங்கியிருந்தார். இன்னும் குளிக்கக்கூட இல்லை. அதற்குள் இடது பக்க ஹெட்லைட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"ஒண்ணும் ஆகலையே. இங்கே சாங்வியில ஒரு வாரமா விடாம மழை. ஆவி படிஞ்சிருக்கும். ஹேர் டிரையர் கொண்டு வரட்டுமா? பத்து நிமிஷம் காட்டினா காஞ்சுடும்."

"இதை யார்கிட்ட வந்து சொல்றே?" என்று சிரித்தார் சந்திரமௌலி.

சிரிக்க அவருக்கு உரிமை உண்டு. போசரியில் கார் விளக்கு செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகக் கடைசிப் பரிசோதனை அவர் பொறுப்பு. அவர் தலையாட்டினால்தான் விளக்கு வெளியே போகும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

"மழை நாள்ல லேசாப் பனி மாதிரி படியறது எல்லா விளக்குக்கும் உண்டு. விளக்கைப் போட்டா அந்தச் சூட்டுல தானாப் போயிடும். அதுக்குன்னே பின்னாடி காத்து போக சின்னத் துளை வெச்சிருப்போம். இது பனி இல்லைடி, சொட்டு! அடியில தேங்கி நிக்கறது பார். கண்ணாடியை ஒட்டின பசை விட்டுப்போனாத்தான் இப்படி ஆகும். அந்தப் பக்க விளக்கு காஞ்சு பளபளன்னு இருக்கு. ரெண்டும் ஒரே மழையிலதானே நனைஞ்சுது?"

சந்திரமௌலி எழுந்து வாசல் கேட்டைக் கை காட்டினார்.

"கேட் தூணையும் பார்த்தேன். புதுசா சிமென்ட் பூசியிருக்கு. நாம உள்ளே வரச்சே இடது கைப் பக்கம் இருக்கற தூண். நீ இடிச்சிருக்கே. விளக்கு உடைஞ்சிருக்கு. நான் வரதுக்குள்ள எவன்கிட்டயோ டூப்ளிகேட் வாங்கி மாட்டியிருக்கே. சரியா?"

சரசாவின் முகம் வெளுத்தது. அவர் தொழிற்சாலை பஸ்ஸில் போய்விடுவார், கார் சும்மாத்தான் நிற்கும். அவளோ கோந்த்வாவில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி, மழையில் தொப்பலாக நனைந்து போய்க்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, ஆறு மாதம் கெஞ்சி வாங்கிய சாவி அது. 'ஏதாவது ஏடாகூடமாப் பண்ணினா சாவி என்கிட்ட வந்துடும்' என்று சொல்லித்தான் அவர் கொடுத்திருந்தார்.

"ஆமாம், இடிச்சேன்" என்றாள். "விளக்கு உடைஞ்சுது. ஸ்கூலுக்கு எதிர்த்தாப்பல முகமது இஸ்மாயில்னு ஒரு பாய் கார் ரிப்பேர் கடை வெச்சிருக்கார். அவர்தான் மாத்திக் குடுத்தார். லோக்கல் சாமான்தான். ஆனா, பின்தாஸ், கவலையே இல்லாம ஓட்டுங்கோ தாயி, ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாதுன்னு சொன்னார்."

"போகாதாம்! இங்கே குளமே கட்டி நிக்கறது!" சந்திரமௌலிக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாரே! "இந்த வண்டியோட வந்தது எங்க ஃபேக்டரி விளக்கு. தண்ணிக்குள்ள முக்கி, காத்து ஏத்தி, ஒரு குமிழி வந்தாக்கூடத் தூக்கிக் கடாசிடுவோம். அதுல தண்ணி போச்சுன்னா நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்."

கையை நீட்டினார். "சாவி."

சரசா சாவியைக் கொடுக்கவில்லை. "இடிச்சதுக்கா, இல்லை விளக்குக்கா?"

"இடிக்கறது யாருக்கும் நடக்கும். நானே ரெண்டு தடவை இடிச்சிருக்கேன். கண்ட விளக்கை வாங்கி மாட்டினே பார், அதுக்குத்தான்."

"அப்போ, நான் மாட்டின விளக்கு நன்னா இருந்தா?"

"இருந்தா, ஆயுசுக்கும் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

"எதுக்கும் பானெட்டைத் திறந்து ஒரு தடவை சரியாப் பார்த்துட்டுச் சொல்லுங்கோளேன்."

"எதுக்குத் திறக்கணும்? லட்சம் விளக்கு பார்த்த கண்ணு இது. எட்டி நின்னே சொல்லிடுவேன்."

"பேச்சு மாற மாட்டேளே?"

"மாட்டேன். போதுமா?"

சரசாவின் முகத்தில் இப்போது பயம் இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அவள் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"நான் தூணை இடிச்சது உள்ளே வரச்சே இல்லை, வெளியே போறச்சே" என்றாள் நிதானமாக. "உடைஞ்சது வலது பக்க விளக்கு. பாய் மாட்டினதும் அதைத்தான்."

சந்திரமௌலி அவசர அவசரமாகப் பானெட்டைத் திறந்து இடது விளக்கின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். பரிசோதனையில் தேறியதாக ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது, அதில் இருந்த கையெழுத்து அவருடையது.