குத்துவிளக்கு விழுந்த தாள்

கல்யாணப் பத்திரிகையில் தேதியைப் பார்த்ததும் பிரீத்தியின் முகம் செத்துப்போனது.

எதிரே ஓவியா. சிவகாசியில் பிரீத்தி வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் "அக்கா, இங்கன பாருங்க" என்று வந்து நிற்பாள். இன்று தன் கல்யாணப் பத்திரிகையோடு நின்றாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?"

"மாசி ஒன்பதா? யாருடி நாள் குறிச்சது?"

"நம்ம கம்பெனி காலண்டர்தேன்! மாரிக்கண்ணனோட அம்மாவுக்கு என்னையப் பிடிக்கல. 'மாசியில அவனுக்குப் பட்டாளத்துல லீவு. அதுக்குள்ள முகூர்த்தம் இருந்தா நீ, இல்லாட்டி எங்கண்ணன் மக. உங்க காலண்டர் வரட்டும்'னு ஆடியிலேயே சொல்லிட்டாக. ஜோசியன் பேச்சு மாறுமாம், காலண்டர் மாறாதாம். நல்லவேளை, லீவுக்குள்ள அந்த ஒரு நாள் இருந்துச்சு."

பஞ்சாங்கக்காரர் அனுப்பும் நீளமான ஃபைலில் 'நல்ல நேரம்' என்ற சொல்லுக்கும் 'ராகு காலம்' என்ற சொல்லுக்கும் நடுவில் இருப்பதை உருவியெடுக்க, பிரீத்திதான் நாலு வரியில் புரோகிராம் எழுதியிருந்தாள். உருவியதில் 'முகூர்த்தம்' என்று இருந்தால், அந்த நாள் தாளில் தானாகக் குத்துவிளக்குப் படம் விழுந்துவிடும்.

மற்ற நாளெல்லாம் சரி. மாசி ஒன்பதுக்கு மட்டும் மனிதர் மெனக்கெட்டு 'முகூர்த்தம் இல்லை' என்று எழுதியிருந்தார். பாழாய்ப்போன புரோகிராமுக்கு அந்த 'இல்லை' எங்கே புரியப்போகிறது? இன்று காலையில்தான் பிரீத்தி அதைக் கண்டுபிடித்தாள். காலண்டர் லோடு போய் மாதமாகிறது.

சொன்னால் இவள் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால், நாளைக்கு இவளுக்கு ஒரு தலைவலி வந்தால்கூடத் தன் மனசு தன்னையே குத்தும்.

"ஓவியா, என்னை மன்னிச்சிருடி. அன்னைக்கு முகூர்த்தமே இல்ல. என் புரோகிராம் பண்ணின கூத்து அது. உன் வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்." பிரீத்தி அழுதேவிட்டாள். "இன்னும் எத்தனை பேரு அன்னைக்கு மண்டபம் பிடிச்சிருக்காகளோ!"

ஓவியா போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அழாதீகக்கா. அந்தத் தாளுக்கு மட்டும் நான் கண்ணை மூடிக்கிட்டுத்தேன் புரூஃப் பார்த்தேன்."