மேடம் திருப்பிய பம்ப்

ஃப்யூயல் செல்லுக்கு மெத்தனால் செலுத்தும், ரப்பர் சவ்வு வைத்த சின்ன டயாஃப்ரம் பம்ப் அது. கோபு தன் பட்டறையில் செய்து, மூன்றாவது தடவையாகத் துவாக்குடி கம்பெனிக்குக் கொண்டுவந்திருந்தான். கம்பெனி இன்ஜினீயர் மாலினி அதை ஓடவிட்டு, அடியில் வைத்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். நனைந்திருந்தது.

“ரிஜெக்ட், சார்.”

“ஒரு சொட்டுதானே மேடம்!”

“தீப்பிடிக்கிற சரக்கு. ஒரு சொட்டும் கசியக் கூடாது. மெத்தனால் பட்டு உள்ளே ரப்பர் உப்பிப்போகுது. வேற ரப்பர் போடுங்க.”

கோபுவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “நாளைக்கே போட்டுக் கொண்டு வரேன் மேடம்.”

சாயங்காலம் கம்பெனி வாசலில் ஸ்கூட்டரோடு நின்றான். மாலினி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

“ஸ்ரீரங்கம் அப்புறம். முதல்ல ரப்பர் கடை,” என்றான் விறைப்பாக.

“இதைத்தானே நேத்து ஆத்துல கரடியாக் கத்தினேன்? பொண்டாட்டி சொன்னா ஏறாது, மேடம் சொன்னாத்தான் காதுல ஏறுமோ உங்களுக்கு?”