யானைக்குக் குணமான கதை

சங்கிலியில் கட்டிய கோயில் யானை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது.

"அடடா, என்ன குஷி!" என்றது கோபுரத்துக் குரங்கு.

"குஷி இல்லண்ணே. மனசு சரியில்ல. ஆடாம இருக்க முடியல."

"உனக்கென்ன குறைச்சல்? வேளைக்குச் சோறு, நெத்தியில பட்டம், கும்பிட அத்தனை பேர்! மனசு கினசுன்னு வெளிய சொல்லாதே. கோயிலுக்கே கேவலம்."

மறுநாள் யானை ஆடவில்லை. துதிக்கையைத் தரையில் போட்டு நின்றது. முன்னால் வைத்த கவளச் சோற்றைத் தொடவே இல்லை.

"பாத்தியா, நாலு வார்த்தை சொன்னேன், குணமாயிடுச்சு!" என்று காக்கையிடம் பீற்றிக்கொண்டே குரங்கு இறங்கி வந்தது. அந்தச் சோற்றை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டது.

"நன்றியுள்ள பிறவி. எனக்குன்னு எடுத்து வச்சிருக்கு பாரு!"