ஒரு விரல் இடம்

இங்கிலீசில் வரும் காகிதத்தில் ஏதாவது திருட்டுத்தனம் இருக்கும் என்பது மாயாண்டியின் எழுபது வருஷத்து நம்பிக்கை. சாலையை அகலமாக்க மரம் அறுக்கும் மெஷினோடு ஆட்கள் வந்து நிற்க, அவர் புளியமரத்தடியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"படிச்சுச் சொல்லு தாயி. கூட்டாம குறைக்காம சொல்லணும்."

சர்வேயர் ரெஜினா நோட்டீசைப் பிரித்தாள். "சர்க்கார் வேலையை இம்பீட் பண்றீங்களாம், ஐயா. இடைஞ்சல்னு அர்த்தம். எந்திரிக்கலேன்னா போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிரும்."

"இடைஞ்சல்னு தமிழ்ல எழுதினா கை வலிக்குமாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த வார்த்தைக்கு ஆதியில காலைக் கட்டிப் போடுறதுன்னுதான் அர்த்தமாம். காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க."

மாயாண்டி குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். இதே சாலையை முதலில் போட்டபோது அம்மா ஜல்லி உடைத்தாள். கொதிக்கிற தார் டின் பக்கம் பிள்ளை தவழ்ந்து போய்விடாமல், பழஞ்சேலைக் கிழிசலால் அவர் காலை இந்த வேரோடு கட்டிவிட்டுப் போவாள். நிழல் நகர்ந்தால் ஓடி வந்து அவிழ்த்து, அடுத்த வேரில் கட்டுவாள். கட்டி முடித்ததும், கால் இறுகாமல் இடம் இருக்கிறதா என்று முடிச்சுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாள். விரலில் தார் வாடை அடிக்கும்.

மெஷின் உறுமியது. "எந்திரிங்க ஐயா," என்றாள் ரெஜினா.

அவர் தோள்துண்டை எடுத்து ஒரு முனையை வேரிலும் மறுமுனையைக் கணுக்காலிலும் கட்டினார். முடிச்சுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார்.

"நான் என்ன செய்ய, தாயி? கட்டுனவ வந்துல்ல அவுக்கணும்."