பின் அச்சு எண்ணெய்

சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் இனி என் தேத்தண்ணியில் சீனியே விழ வேண்டாம்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டம். அங்கே கிருஷ்ணராஜிடம் ஒரு கறுப்புக் கார். வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது விட்டுப்போனது. மழை பெய்தால் வெளியே நிற்பவனைவிட உள்ளே இருப்பவன்தான் கூடுதலாக நனைவான். ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு என்ன வந்தாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக அதைவிட்டால் வேறு வண்டி கிடையாது.

அந்தக் கார் பின்னால் எண்ணெய் கக்கத் தொடங்கியது.

பின் அச்சின் மேலே காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது வழியாகக் கியர் ஆயில் பொங்கி வழிந்தது. துடைத்தான், வழிந்தது. கம்பியால் குத்தித் துவாரத்தைச் சுத்தம் செய்தான். இன்னும் நன்றாக வழிந்தது. கடைசியில் சக்கரத்துக்குள் இறங்கி, பிரேக்கையே நனைத்துவிட்டது.

கிளினிக்குக்குப் போன நாளில், வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துக்குப் போக வேண்டிய கார், தேயிலைச் செடிகளில் ஏறி நின்றது. பின் சீட்டில் அவன் மனைவி சிவசக்தி. நிறைமாதப் பிள்ளைத்தாச்சி.

"எனக்கு ஒண்ணுமில்லங்க," என்றாள்.

பதுளையில் ஸரூக் நானாவின் கராஜுக்குப் போனான். அவர் காரைச் சமதரையில் நிறுத்தி, அச்சின் பின்பக்க மூடியைக் கழற்றினார். குழாயைத் திறந்த மாதிரி எண்ணெய் கொட்டியது.

"தம்பி, இது காரா, எண்ணெய்ச் செக்கா? அளவுக்கு மேல ஊத்தி வச்சிருக்கீங்க. மிச்சம் எங்க போகும்? மேல வழியும், பிரேக்குக்கும் போகும்."

"நான் ஊத்தவே இல்ல நானா. போன தடவ நீங்க ஊத்துனதுதான்."

"அப்ப பேய் வந்து ஊத்துதா?"

பிரேக்கைச் சரிசெய்து, எண்ணெயை அளவாக விட்டு அனுப்பினார். அடுத்த வாரமே மறுபடி வழிந்தது.

பேய் இல்லை, ஆள்தான். கிருஷ்ணராஜுக்கு அது யாரென்றும் தெரிந்துபோயிற்று. அந்த லயத்தில் அவன்மேல் வஞ்சம் வைக்கக் காரணமுள்ளவர் ஒருவர்தான்: வீரய்யா.

போன வருசம் வீரய்யாவின் மகள் நிஷாந்தினிக்குப் பிரசவ வலி. கிருஷ்ணராஜ்தான் ஏற்றிக்கொண்டு போனான். பின் அச்சில் சொட்டு எண்ணெய் இல்லை. அவன் பார்க்காமல் விட்டிருந்தான். பாதி வழியில் அச்சு இறுகி, கார் நின்றது. வேறு வண்டி வரும்வரை அவள் தாங்கவில்லை. வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை. அன்றிலிருந்து வீரய்யா அவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

"வேணாங்க," என்றாள் சிவசக்தி. "மகளப் பறிகொடுத்த மனுசன். சண்டைக்குப் போவாதீங்க."

"நம்ம புள்ளையையும் பறிக்கப் பாக்குறாரே. கையக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

விடியலில், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும் முன்னே, லயத்துச் சுவர் மறைவில் போய் நின்றான். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பிடித்து இழுத்தான்.

வீரய்யாதான். ஒரு கையில் ஸ்பனர், மறு கையில் எண்ணெய்ப் போத்தல்.

"என்னையே வெட்டிப் போட்டிருக்கலாமே மாமா. எம் பொஞ்சாதி ஒங்களுக்கு என்ன பண்ணுனா?"

வீரய்யா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "அவளுக்காகத்தாண்டா ஊத்துறேன்."

"என்னது?"

"அன்னைக்கு எண்ணெய் இல்லாமத்தான கார் நின்னுச்சு? நீ மறந்துருவ. மறக்குற ஆளுதான நீ. அதான் வாரா வாரம் நானே பாக்குறேன். மூடியக் கழட்டி விரல விட்டா எண்ணெய் எட்டவே மாட்டேங்குது. ஊத்துறேன். மறுவாரம் பாத்தா மறுபடியும் எட்டல. என்ன காருடா வச்சிருக்க?"

கிருஷ்ணராஜ் காரைப் பார்த்தான். பெட்டரி செத்த கார். தள்ளிவிட்டால் உருண்டு ஸ்டார்ட் ஆகட்டும் என்று எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவான். மூக்குக் கீழே, பின்புறம் மேலே. அச்சுக்குள் எண்ணெயெல்லாம் முன்பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கும். பின்பக்கத் துவாரத்தில் விரலை விட்டால் எப்படி எட்டும்?

அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"ஊத்துன அன்னைக்குத்தான் கொஞ்சம் கண்ணசருது," என்றார் வீரய்யா, போத்தலைப் பார்த்தபடி. "மத்த நாளெல்லாம் எம் மக கூப்புடுற சத்தம் கேட்டுக்கிட்டே கெடக்கு."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, கீழே கிடந்த டோர்ச்சை எடுத்தான்.

"போத்தல்ல இன்னும் கொஞ்சம் இருக்கே மாமா," என்றான். "அதையும் ஊத்திருங்க."

அவர் மறுபடி அடியில் நுழைந்தார். அவன் குனிந்து டோர்ச் பிடித்தான்.

இப்போதும் வாரா வாரம் அவர் ஊற்றுகிறார். அவர் போனதும், கிருஷ்ணராஜ் காரைத் தனியாக மெல்ல உருட்டிக்கொண்டுபோய், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னாலுள்ள சமதரையில் நிறுத்தி, கூடுதலை மண்ணில் வடித்துவிட்டு வருகிறான். ஒருநாள் மறந்தாலும் சிவசக்தி பள்ளத்தில்தான். மறக்கிற ஆள், இதை மட்டும் மறப்பதில்லை.

கேட்டவர்கள் கேட்டதோடு விட்டுவிடுங்கள். அன்று சிவசக்தியைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோனது தான் ஊற்றிய எண்ணெய்தான் என்று வீரய்யாவுக்குத் தெரிந்தால், அவர் அப்புறம் கண்ணசரவே மாட்டார். தப்பித் தவறி யார் சொன்னதென்று எவராவது கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லுங்கள். என் பேர் வேண்டாம்.