எறும்புக்குப் போட்ட கேட்

மேஜை மேல் ஓடும் பொம்மை ரயிலுக்கு, தாமாகவே பார்த்து, ரயில் வரும் நேரத்தையும் பழகிக்கொண்டு இயங்கும் ரயில்வே கேட்டையும், தடம் புரண்ட பெட்டியைத் தூக்கும் மீட்பு கிரேனையும் வாங்கிப் பொருத்தியிருந்தார் சவரிமுத்து. நாலு நாளாக, ரயிலே ஓடாத சாயங்கால வேளையில் கேட் மூடிக்கொண்டது.

“மோட்டார் போயிடுச்சோ?” என்றார்.

மனைவி பிலோமினா குனிந்து பார்த்தாள். தண்டவாளத்தின் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கடைசி எறும்பு கடந்ததும் கேட் திறந்தது.

“ஏங்க, இதுங்களையும் ரயிலுன்னு நினைச்சுக்கிச்சு!” சிரித்துக்கொண்டே எறும்புப் பொடியைத் தூவினாள்.

மறுநாளும் பொடி டப்பாவோடு வந்தாள். அதே நேரத்துக்குக் கேட் மூடியது. ஒரு எறும்பும் வரவில்லை. கேட் திறக்கவும் இல்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்த கிரேன் மெல்லத் திரும்பி, செத்துக் கிடந்த எறும்புகளின் மேல் கொக்கியை இறக்கியது.

பிலோமினா டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.